உஷார்! கொக்கியில் மட்டும்தான் தங்கம்

பழைய நகையைக் குறைந்த விலைக்கு வாங்கி லாபத்துக்கு விற்கலாம், அசலா போலியா என்று பார்க்க ஒரு சின்னப் பெட்டி இருந்தால் போதும் என்ற பேச்சு வேகமாகப் பரவிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் ஒரு லென்ஸ், ஒரு காந்தம், உள்ளங்கை அளவில் ஓர் உரைகல், மூன்று நான்கு ஆசிட் பாட்டில்கள், பேனா மாதிரி ஒரு டயமண்ட் டெஸ்டர், சட்டைப் பையில் அடங்கும் தராசு எல்லாம் இருக்கும். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். வேலை கிடைக்காத பிள்ளைகளும், வீட்டிலிருந்தபடி நாலு காசு பார்க்க நினைக்கும் பெண்களும், ஓய்வூதியப் பணத்தை எதிலாவது போடலாம் என்று யோசிப்பவர்களும் அதை வாங்குகிறார்கள்.

அவர்களுக்காகத்தான் பதறிப்போய் இதை எழுதுகிறேன். தயவுசெய்து ஒரு நிமிஷம் நின்று படித்துவிட்டு, அப்புறம் பணத்தை எடுங்கள்.

எங்கள் தெருப் பையன் ஒருவன், இருபத்தாறு வயது, போன மாதம் ராத்திரி எட்டு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினான். கையில் மூன்று பவுன் சங்கிலி. "அண்ணே, வாங்கும்போது எல்லா டெஸ்டும் பாஸ் ஆச்சு. இப்ப கடையில வாங்க மாட்டேங்கறாங்க" என்றான். முகத்தில் ரத்தமே இல்லை. விற்றவர்கள் ஒரு கணவனும் மனைவியும். ஆஸ்பத்திரிச் செலவு என்று சொல்லியிருக்கிறார்கள். கடை விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துத் தருவதாகப் பேச்சு. அந்த அம்மா கண் கலங்க நின்றதாம். இவனும் ஏமாந்துவிடக் கூடாது என்று பெட்டியைத் திறந்து காந்தம் வைத்தான், ஒட்டவில்லை. கல்லில் உரசினான், மஞ்சள் கோடு விழுந்தது. 22 கேரட் ஆசிட்டைத் தொட்டு வைத்தான், கோடு அழியவில்லை. லென்ஸில் பார்த்தான், 916 என்று முத்திரை. அக்காவின் வளையலை அடகு வைத்துத் திரட்டிய பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் காலையில் மதுரை தெற்காவணி மூல வீதிப் பக்கம் எனக்குத் தெரிந்த பத்தர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். நாற்பது வருஷமாக அந்தத் தொழிலில் இருப்பவர். சங்கிலியைக் கையில் வாங்கி இரண்டு தரம் குலுக்கிப் பார்த்தார்.

"எங்கப்பா உரசுன?"

"கொக்கியிலதான் ஐயா."

"அவனும் அங்கதான் தங்கம் வச்சிருக்கான்."

கொக்கியும் அதை அடுத்த இரண்டு வளையங்களும் நிஜமான 916 தங்கம். முத்திரையும் அங்கேதான் இருந்தது. மற்றதெல்லாம் செம்புக் கம்பி, மேலே கனமாக முலாம். பத்தர் நடுவில் ஒரு கண்ணியை எடுத்து அரத்தால் நாலு இழுப்பு இழுத்தார். மஞ்சள் தோல் விலகி உள்ளே சிவப்பு தெரிந்தது. அந்த இடத்தில் ஒரு சொட்டு நைட்ரிக் ஆசிட் விட்டதும் பச்சையாகப் பொங்கியது. பையன் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்து பத்தர் செய்த காரியத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். சங்கிலியை நூலில் கட்டி, டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். மூன்று பவுன் என்றால் 24 கிராம். 22 கேரட் தங்கத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல ஏறக்குறைய 17.8 மடங்கு. ஆகவே 24 கிராம் நல்ல தங்கம் தண்ணீரில் தொங்கினால் தராசு 1.35 கிராம் அளவுக்குக் காட்ட வேண்டும். காட்டியது 2.5. செம்பின் அடர்த்தி 9க்குப் பக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த மூன்று பவுனில் தங்கம் மூன்று கிராம் தேறினால் அதிகம். இதற்கு ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு முழம் நூலும் போதும். பெட்டியில் இருந்த அதே தராசை வைத்து அவனும் இதைச் செய்திருக்கலாம். அப்படி ஒன்று இருப்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்காகத் தண்ணீர்ச் சோதனை எதையும் கண்டுபிடித்துவிடும் என்று கிளம்பிவிடாதீர்கள். உள்ளே கூடாக இருக்கும் வளையல், கல் பதித்த அட்டிகை, அரக்கு நிரப்பிய பழைய நகை எதற்கும் இந்தக் கணக்கு சரிவராது. கண்ணிகளுக்கு இடையில் காற்றுக்குமிழி நின்றாலே எடை தப்பும். நாணயமும் கட்டியும் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி 19.25, சுத்தத் தங்கத்தின் அடர்த்தி 19.3. உள்ளே டங்ஸ்டன் வைத்து வெளியே தங்கம் போர்த்தினால் தராசும் தண்ணீரும் சேர்ந்து ஏமாறும். காந்தமும் ஒட்டாது.

பத்தர் அன்று சொன்ன ஒன்றை நான் மறக்கவே மாட்டேன். இந்தக் கருவிகள் 'இது தங்கம் இல்லை' என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம், 'இது தங்கம்' என்று சொன்னால் நம்பக் கூடாது என்றார். ஒவ்வொரு கருவியையும் எடுத்து யோசித்தால் அவர் சொன்னதன் அர்த்தம் விளங்கும்.

காந்தம் இரும்பு போன்ற சில உலோகங்களைத்தான் பிடிக்கும். செம்பு, பித்தளை, வெள்ளி, ஈயம் எதுவும் அதில் ஒட்டாது. போலி நகை செய்கிறவன் இரும்பில் செய்வானா? நல்ல தங்கச் சங்கிலியின் கொக்கிக்குள் சின்ன ஸ்டீல் ஸ்பிரிங் இருந்தால் அது காந்தத்தில் ஒட்டி, அசல் நகையைப் போலி என்று நினைக்க வைப்பதும் உண்டு.

உரைகல்லும் ஆசிட்டும் நம் ஊர் ஆசாரிமார் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டவை. அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் ஒரே ஒரு கோடு போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. தரம் தெரிந்த தங்கத்தைப் பக்கத்திலேயே உரசி, இரண்டு கோட்டிலும் ஒரே நேரத்தில் ஆசிட் வைத்து, எது எவ்வளவு வேகத்தில் மங்குகிறது என்று கண்ணால் ஒப்பிடுவார்கள். நகையிலும் ஒரு இடத்தோடு விட மாட்டார்கள். மேல்தோலை அரத்தால் எடுத்துவிட்டு உள்தங்கத்தை உரசுவார்கள். நம் பெட்டியில் வரும் ஆசிட் எப்போது நிரப்பியது என்றே தெரியாது. நாள்பட்டால் வீரியம் குறையும். வீரியம் குறைந்த ஆசிட்டில் மட்டமான தங்கத்தின் கோடுகூட அழியாமல் நின்று உங்களைப் பார்த்துச் சிரிக்கும். இதோடு இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அது நைட்ரிக் ஆசிட். 22 கேரட்டுக்கு வரும் பாட்டிலில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டும் கலந்திருக்கும். தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வையே போகும், அதன் புகை நெஞ்சுக்கு ஆகாது. இதைக் குழந்தைகள் நடமாடும் சமையலறை மேடையில் வைத்துச் சோதனை செய்கிறார்கள் என்று கேட்கும்போதே உடம்பு நடுங்குகிறது.

கேரட் மீட்டர் இருக்கிற கடையில் டச், அதாவது தரம், பார்த்துவிட்டால் கவலையில்லை என்பார்கள். அது எக்ஸ்ரே கதிரை அனுப்பி, திரும்பி வரும் ஒளியை வைத்து உலோகக் கலவையைச் சொல்லும் நல்ல கருவிதான். ஆனால் மேற்பரப்பிலிருந்து சில மைக்ரான் ஆழம்வரைதான் அதற்குக் கண். முலாம் கனமாக இருந்தால் முலாமின் தரத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடும். கொக்கியில் வைத்தால் கொக்கியின் தரத்தைச் சொல்லும். பையனின் சங்கிலியைக் கொக்கியில் வைத்திருந்தால் அந்த விலை உயர்ந்த கருவியும் அவனை நட்டாற்றில்தான் விட்டிருக்கும்.

வைரத்துக்கு வருகிறேன். இங்கே போகும் தொகை தங்கத்தைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.

நம் வீடுகளில் பாட்டிமார் போட்ட ஏழு கல் தோடு, எட்டுக்கல் பேசரி எல்லாவற்றுக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. 'ப்ளூ ஜாகர்' என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்லுவார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. அப்படி ஒரு தோடு மலிவாகக் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? டெஸ்டர் பேனாவைக் கல்லில் வைத்ததும் விளக்கு மேலே ஏறி 'பீப்' என்று கத்தும். கத்தியதும் கை தானாகப் பணப்பையைத் தேடும்.

அந்தப் பேனா என்ன செய்கிறது என்று பாருங்கள். அதன் முனை சூடாகும். கல்லில் வைத்ததும் அந்தச் சூட்டைக் கல் எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்று அளக்கும். அதற்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். கண்ணாடியையும் அமெரிக்கன் டயமண்டையும் அது சரியாகத் தள்ளிவிடும். ஆனால் மொய்சனைட் என்று ஒரு கல் இருக்கிறது. 1893இல் ஹென்றி மொய்சான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அரிசோனாவில் விழுந்த விண்கல் துண்டுகளில் இதைக் கண்டார். பின்னால் ஆய்வுக்கூடத்தில் தயாரித்து 1998 முதல் நகைக்கல்லாக விற்கிறார்கள். அதுவும் வைரத்தைப்போலவே சூட்டை உறிஞ்சும். அதனால் சாதாரண டெஸ்டர் அதையும் வைரம் என்றே சொல்லும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் கல்லைச் சாய்த்துப் பார்த்தால் உள்ளே பட்டைகளின் விளிம்பு இரண்டிரண்டாகத் தெரியும். வைரத்தில் அப்படித் தெரியாது. ஆனால் இரண்டு சென்ட், மூன்று சென்ட் எடையுள்ள பொடிக் கல்லில் அதைக் கண்டுபிடிக்க வருஷக்கணக்கில் பழகிய கண் வேண்டும். பெட்டி வந்து இரண்டு நாளில் அந்தக் கண் வராது.

மொய்சனைட்டையும் பிரித்துச் சொல்லும் டெஸ்டர் வாங்கினால்? அப்போதும் ஆய்வுக்கூட வைரம் நிற்கிறது. சிவிடி என்று கடைக்காரர்கள் சொல்வது அதைத்தான். அது நிஜமான வைரமே, கரி அணுவால் ஆனது. டெஸ்டர் 'வைரம்' என்று சொன்னால் அது சரியான பதில்தான். விலைதான் பூமியிலிருந்து எடுத்த வைரத்தின் விலையில் சின்னப் பங்கு. சுரங்க வைரமா, மெஷினில் வளர்த்ததா என்று உறுதியாகச் சொல்ல ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் பெரிய கருவிகள் வேண்டும். கையில் சர்ட்டிஃபிகேட் இருக்கிறது, கல்லின் இடுப்பில் லேசரில் எண் பொறித்திருக்கிறது என்று காட்டுவார்கள். அசல் கல்லின் எண்ணைக் காப்பியடித்துப் பொறித்த கற்கள் சர்வதேசக் கூடங்களிலேயே பிடிபட்டிருக்கின்றன. எண் பொருந்தினால் மட்டும் போதாது. கல்லின் எடையும் அளவும் அந்த அறிக்கையோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய தோடுகளில் இன்னொரு தொல்லை. பின்புறம் மூடிக் கட்டிய கல்லைக் கழற்றாமல் எடை தெரியாது. விற்பவர் சொல்லும் சென்ட் கணக்கை நம்பித்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

கெம்பு, மரகதம், முத்து பக்கமே இந்தப் பெட்டியோடு போகாதீர்கள். வெடிப்பில் கண்ணாடி நிரப்பிய சிவப்புக்கல்லைப் பழகிய கண் லென்ஸில் பிடிக்கலாம், இதில் வேறு எந்தக் கருவியும் காட்டாது. போனில் படம் எடுத்தால் நகையின் மதிப்பைச் சொல்லும் ஆப் என்றும் வருகிறது. படத்தில் எடை தெரியாது, உள்ளே இருப்பது தெரியாது. வேறொன்றும் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சில கும்பல்களுக்கு நீங்கள் கருவி வைத்திருப்பதே வசதி. அஸ்திவாரம் தோண்டும்போது பானை கிடைத்தது, வெளியில் சொன்னால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்று ரகசியக் குரலில் வருவார்கள். அழுக்குத் துணியில் மஞ்சள் மணிகள். "நீங்களே ரெண்டு எடுத்து டெஸ்ட் பண்ணிக்கோங்க சார்" என்று அவர்களே சொல்வார்கள். அந்த இரண்டும் நிஜத் தங்கம். எந்தக் கடையில் காட்டினாலும் தங்கம் என்றுதான் வரும். நம்பிக்கை வந்து பெரிய தொகையோடு போகும்போது மொத்தக் குவியலும் பித்தளை. வருஷா வருஷம் இந்த மோசடியில் யாராவது விழுந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

இத்தனையும் தாண்டி, நகை நூற்றுக்கு நூறு அசலாகவே இருக்கட்டும். அது யாருடையது என்று எந்தக் கருவி சொல்லும்? விடியற்காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஓர் அக்காவின் கழுத்திலிருந்து அறுத்த தாலிக்கொடியாக இருந்தால்? திருட்டு நகை என்று தெரிந்தோ, சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தும் கண்டுகொள்ளாமலோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317ஆவது பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. அதையே வழக்கமாகச் செய்பவர் என்று நிரூபணமானால் தண்டனை பத்து ஆண்டு, ஆயுள்வரைகூடப் போகும். ஒரு தடவை வாங்குபவரைவிட வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இதில் ஆபத்து அதிகம். 'எனக்குத் தெரியாது சார்' என்று சொல்லலாம். கடை விலையைவிட அவ்வளவு குறைவாகக் கொடுத்தபோது உனக்குச் சந்தேகம் வரவில்லையா என்று போலீஸ் கேட்கும். நகை பறிமுதலாகும், கொடுத்த பணம் போனது போனதுதான். பில் இல்லாத, அடையாள அட்டை நகல் தர மறுக்கிற ஆளிடம் குண்டுமணித் தங்கம்கூட வாங்காதீர்கள்.

சரி, நியாயமாகச் செய்ய நினைப்பவர் எதைப் பிடித்துக்கொள்வது? முதலில் ஹெச்.யு.ஐ.டி. எண். 2023 ஏப்ரல் 1 முதல் கடைகளில் விற்கும் ஹால்மார்க் தங்க நகையில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) சின்னம், தரம், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண் என்று மூன்றும் இருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால் எந்த மையம் முத்திரை போட்டது, என்ன வகை நகை, என்ன தரம் என்று வரும். அது இலவசம். ஆனால் அங்கேயும் கண்ணைத் திறந்து பாருங்கள். ஆப்பில் மோதிரம் என்று வந்து, கையில் இருப்பது சங்கிலியானால் அந்த எண் திருடிய எண். வெறும் 916 என்ற குத்து மட்டும் இருந்தால் அது எதற்கும் சாட்சி ஆகாது. இரும்பு அச்சு இருந்தால் யாரும் குத்தலாம். கே.டி.எம். என்பது பற்றவைக்கும் பொடியில் காட்மியம் சேர்த்ததைக் குறிக்கும் சொல். அரசாங்க முத்திரை இல்லை.

ஹெச்.யு.ஐ.டி. வருவதற்கு முந்தைய பழைய நகையில் இந்த எண் இருக்காது. அப்படிப்பட்ட நகையை பி.ஐ.எஸ். அங்கீகரித்த ஹால்மார்க் மையத்துக்கு எடுத்துப்போங்கள். பொதுமக்கள் கொண்டுவரும் நகையையும் அங்கே சோதித்து அறிக்கை தருவார்கள். நான்கு நகைகள்வரை சேர்த்து விதிப்படியான கட்டணம் 200 ரூபாய். கொக்கியில் மட்டும் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடாமல், நடுக் கண்ணி, டாலர், பற்றவைத்த இடம் என்று நான்கைந்து இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கல் எடையையும் அரக்கு எடையையும் கழித்து எழுதி வாங்குங்கள். பெரிய தொகை என்றால் ஒரு கண்ணியை வெட்டி உருக்கிப் பார்க்க விற்பவர் சம்மதிக்க வேண்டும். உருக்கிப் பார்ப்பதுதான் கடைசிப் பேச்சு. வைரமானால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் அறிக்கை கைக்கு வரும்வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

எங்கள் தெருப் பையன் அக்காவின் வளையலை இன்னும் மீட்கவில்லை. மாதா மாதம் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறான். விற்ற ஆளின் போன் அன்றைக்கே அணைந்துவிட்டது. சங்கிலியை வேறு யாரிடமாவது தள்ளிவிடச் சொல்லி இரண்டு பேர் யோசனை சொன்னார்களாம். அவன் மறுத்துவிட்டு, போலீஸில் புகார் கொடுத்திருக்கிறான்.

நாளைக்கு உங்கள் முன்னால் ஒருவர் நகையோடு வந்து உட்கார்ந்தால், பெட்டியைத் திறக்காதீர்கள். "வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து ஹால்மார்க் மையத்துக்குப் போயிட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள். வர மறுத்தால், அந்த நகையைத் தொடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.